கொடுமுடி வாய்க்கால் கரையில் பயிற்சி நடை: பழநிக்கு எங்களோடு நடக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழநிக்கு நடக்கிற குழு எங்களுடையது. அதற்கு முன்னால் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிங்கராயன் வாய்க்கால் கரையில் பயிற்சி நடை வைக்கிறோம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்பி வருகிற புதியவர்கள் போனில் கேட்பதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறோம். படித்துவிட்டு வாருங்கள், அன்றைய பொழுதை நடப்பதற்கே வைத்துக்கொள்ளலாம்.

நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவன். எனக்கும் பயிற்சி தேவையா?

தேவை. காலை நடை போகிறவர் தன் வேகத்தில் போகிறார், முடிந்ததும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். யாத்திரையில் முதல் நாள் நடை யாருக்கும் பெரிய கஷ்டமில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை, கால் வீங்கி, தொடை இறுகி, செருப்புக்குள் பாதம் நுழைய மறுக்கும்போது எழுந்து நடக்க வேண்டும். அதை யாரும் பார்க்கில் பழகியிருக்க மாட்டார்கள். அதனால்தான் ஒரே நாளில் மூன்று நடை வைக்கிறோம். நடந்து, ஓய்ந்து, உடம்பு ஆறிப்போன பிறகு மறுபடி எழுப்பி நடக்கவைத்தால்தான் உங்கள் கால் என்ன சொல்கிறது என்று தெரியும்.

இன்னொரு காரணம் எங்களுக்கு இதைவிட முக்கியம். நாற்பது ஐம்பது பேர் ஒன்றாகப் போகிறோம். கூட்டத்தோடு நடப்பது தனியாக நடப்பதைப் போன்றதல்ல. யார் வேகமாகப் போவார், யார் பேச்சில் நின்றுவிடுவார், யார் வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டார் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க வேண்டும். வழியில் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டால், யாராவது ஒருவர் அதற்கு உடம்பால் விலை கொடுக்கிறார்.

ரோடு இருக்கும்போது ஏன் வாய்க்கால் கரை?

ரோட்டில் பாதிக் கவனம் வண்டிகளின் மேல்தான் இருக்கும். வாய்க்கால் கரையில் அந்தப் பயம் குறைவு. எப்போதாவது ஒரு மொபெட், புல்லுக்கட்டோடு ஒரு சைக்கிள், அவ்வளவுதான். மேடு பள்ளமில்லாத மண் என்பதால் முட்டிக்கு அடி குறைவு. தென்னையும் வேம்பும் பல இடங்களில் நிழல் தரும்.

இந்த வாய்க்காலை நாங்கள் விரும்புவதற்கு அதன் வளைவுகளும் ஒரு காரணம். பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால் உள்ள அணைக்கட்டில் தொடங்கி, ஈரோட்டைத் தாண்டி, கொடுமுடி அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. நீளம் 56 மைல், அதாவது சுமார் 90 கிலோமீட்டர். நேராக வெட்டியிருந்தால் இதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் இதை வெட்டிய காலிங்கராயன், நிலத்தின் மட்டம் பார்த்து, தண்ணீர் மேட்டிலேயே நிற்கும்படி வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். வாய்க்கால் மேட்டில் நின்றால்தான் அதற்கும் காவிரிக்கும் நடுவிலுள்ள நிலமெல்லாம் பாயும். 1271இல் தொடங்கி 1283இல் முடித்த வேலை, பன்னிரண்டு வருஷம். இன்றைக்கும் 15,743 ஏக்கருக்கு அதுதான் தண்ணீர். கொங்கு நாட்டில் தை 5ஆம் நாளைக் காலிங்கராயன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்ட, அது போன தடத்தில்தான் வாய்க்காலை வெட்டினார் என்றும் சொல்வார்கள். கரையில் நடந்து பார்த்தால் அந்தக் கதை எப்படி வந்திருக்கும் என்று புரியும். சுயநலத்துக்காக வெட்டினார் என்ற பேச்சு வரக்கூடாது என்று, தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பதும் இங்கே வழங்குகிற கதை. இந்தக் கரையில் நடப்பதை நாங்கள் ஒரு மரியாதையாகவே நினைக்கிறோம்.

நடக்கிறவருக்கு வளைவால் ஒரு நன்மை உண்டு. நேர் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் மனசு சோர்ந்துவிடும். இங்கே அடுத்த வளைவு வரைக்கும்தான் பார்வை போகும்.

எப்படி வந்து சேருவது?

சென்னைக்காரர்கள் சனி இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்து ஈரோட்டில் இறங்கினால் முதல் நடைக்கு நேரமாகிவிடும். அதனால் சனிக்கிழமை பகலிலேயே கிளம்பி, இரவு கொடுமுடியில் தங்கிவிடுங்கள் என்கிறோம். ஈரோடு – கரூர் ரயில் பாதையில்தான் கொடுமுடி இருக்கிறது. ஈரோட்டிலிருந்து பஸ்ஸும் நிறைய. மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. தலையணையும் போர்வையும் கொண்டுவாருங்கள். லாட்ஜில்தான் தூக்கம் வரும் என்பவர்களும் இந்த ஒரு ராத்திரி மண்டபத்தில் படுத்துப் பார்ப்பது நல்லது. யாத்திரையில் கிடைக்கப்போவது அதுதான்.

அன்றைக்கு என்னென்ன நடக்கும்?

விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிடுவோம். மகுடேசுவரர் கோயில் வாசலில் நின்று ஒரு அரோகரா சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு நடை. ஊஞ்சலூர்ப் பக்கமாக, தண்ணீர் வருகிற திசையை நோக்கிப் போகிறோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். அங்கே ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், சாப்பாடும் தூக்கமும். நாலு மணிக்குத் தீர்த்தக் காவடியோடு சின்ன நடை. பொழுது சாய்ந்ததும் கொடுமுடிக்குத் திரும்புகிற மூன்றாவது நடை, டார்ச்சோடு.

திசையை யோசித்துத்தான் வைத்திருக்கிறோம். காலையில் வடமேற்கே போவதால் வெயில் முதுகுப் பக்கம் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் முகத்தில் படாது. திரும்பி வருகையில், அதாவது தண்ணீரோடு நடக்கும்போது, காவிரி எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். தனியாகப் பிரிந்துபோனாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்தால் வழி தவறாது. கரை சில இடங்களில் அறுந்தோ முள் அடைத்தோ இருக்கும். அங்கே ஊர் ரோட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறுவோம்.

மாசி என்பதால் இரண்டு பக்கமும் மஞ்சள் அறுவடை நடக்கும். தழையை அறுத்து எடுத்துவிட்டுக் கிழங்கை வெட்டிக் குவித்திருப்பார்கள். பெண்கள் உட்கார்ந்து மண்ணை உதறி, விரல்போல் நீண்ட விரலியை ஒரு பக்கமும் உருண்டைக் கிழங்கை ஒரு பக்கமுமாகப் பிரிப்பார்கள். கொஞ்சம் தள்ளி வேகவைக்கிற இடத்தில் ஆவி எழும்பும். அந்த வாசம் வேட்டியிலேயே தங்கிவிடும். நின்று பேசுங்கள், தவறில்லை. களத்தில் காய்கிற மஞ்சள் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு.

நான் மெதுவாக நடப்பேன். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?

இருக்காது. எங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரும் பழையவர்கள். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக்கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. மெதுவாக நடப்பவர்களை முன்வரிசையில் விடுவோம். பின்னால் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: முன்னால் போனவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் இளைப்பாறுவார்கள். பின்தங்கியவர் அங்கே வந்து சேரும்போது "சரி, கிளம்பலாம்" என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஓய்வே கிடைக்காது. பல குழுக்களில் வயதானவர்கள் பாதியில் வண்டி ஏறுவதற்கு இதுதான் காரணம். அவர்களுடைய வயது அல்ல.

மணிக்கு நாலு கிலோமீட்டர் போனால் போதும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும்; மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இளவட்டங்களுக்கு இது முதலில் பொறுக்காது. அவர்களிடம் தண்ணீர் கேனையும் மருந்துப் பையையும் கொடுத்துவிடுவோம். மத்தியானத்துக்குள் "ஏனுங்க்கா, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமுங்களா?" என்று அவர்களே கேட்பார்கள்.

ஷூவா, செருப்பா, வெறுங்காலா?

விரதம் வெறுங்காலோடு என்று இருப்பவர்களைத் தடுக்க மாட்டோம். ஆனால் பயிற்சி நாளில் முதல் இரண்டு கிலோமீட்டரை வெறுங்காலில் நடந்து பாருங்கள். நகரத்தில் வளர்ந்த பாதம் மண்ணுக்கே கூசும். பங்குனி மத்தியானத் தார் ரோட்டை எப்படித் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை வெறுங்காலில் தாரில் நடக்க எங்கள் குழுவில் யாருக்கும் அனுமதியில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு எந்த நேரத்திலும் இல்லை.

ஷூ என்றால் பழைய ஷூ. புது ஷூவோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம். பையில் செருப்பும் இருக்கட்டும் என்போம். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். பின்வார் உள்ள சாண்டல் பலருக்கும் ஒத்துப்போகிறது. கட்டைவிரல் இடுக்கில் வார் வரும் செருப்பு மட்டும் வேண்டாம். எட்டு கிலோமீட்டருக்கு மேல் அந்த இடுக்குத்தான் முதலில் புண்ணாகிறது. நகத்தை நான்கைந்து நாளுக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் வந்தால்?

வருவதற்கு முன்னால் அது ஒரு எரிச்சலாகத் தெரியும். அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். இதற்காக மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் குழுவை நிறுத்துவோம். செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்துக் காயவைத்து, அந்த இடத்தில் துணிப் பிளாஸ்திரியைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டினால் அநேகமாக அதோடு நின்றுவிடும். ஈரம்தான் எதிரி. சாக்ஸ் நனைந்தால் மாற்றுங்கள்; மாற்று ஜோடி இரண்டு வேண்டும். காலுக்கு இதமாக இருக்கிறதென்று இடைவேளையில் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு உடனே நடப்பது கூடாது. ஊறிய தோல் சீக்கிரம் உரிந்துவிடும். கொப்புளம் வந்தே விட்டால் அதன் தோலைப் பிய்க்காதீர்கள். அந்தத் தோலே புண்ணுக்குக் காப்பு.

தொடை உரசல் பற்றிப் புதியவர்கள் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. நடையை நிறுத்தவைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கிளம்பும்முன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். வேட்டிக்குள் முட்டி வரை வரும் அரைக்கால் உள்ளாடை போடுங்கள். பெண்கள் சேலைக்குள் இறுக்கமான லெகிங்ஸ் போடுவது நல்ல வழி.

தீர்த்தக் காவடியைப் பயிற்சியிலேயே தூக்க வேண்டுமா?

யாத்திரையில் எடுப்பதாக நேர்ந்திருந்தால், ஆமாம். பயிற்சியில் கலசத்தில் இருப்பது வெறும் குழாய்த் தண்ணீர்தான். காவடித் தண்டைத் தோளில் வைத்துக் கட்டினால் இரண்டு முனையிலும் செம்பு தொங்கும். நாலு எட்டு வைத்ததும் செம்பு ஆட ஆரம்பிக்கும். உங்கள் நடையும் அதன் ஆட்டமும் ஒத்துப்போகாவிட்டால் தண்டு தோளில் புரண்டு கழுத்தை அறுக்கும். எட்டைக் கொஞ்சம் குறுக்கி, முட்டியை லேசாகத் தளர்த்தி நடந்தால் ஆட்டம் நடையோடு சேர்ந்துகொள்ளும். சேர்ந்த பிறகு பாரமே தெரியாது. காவடி உங்களைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் இருக்கும். அந்த இடம் கைவருவதற்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பழநிக்குப் போகிற வழியில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

தோளில் துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். தோள் மாற்றும்போது முன்னால் குனியாமல், கழுத்துக்குப் பின்னால் தண்டை உருட்டி மாற்ற வேண்டும். பழையவர்கள் செய்து காட்டுவார்கள். செம்பின் வாயைத் துணி வைத்துக் கட்டுவதையும் அன்றே கற்றுத்தருகிறோம். காவிரியில் மொண்ட தண்ணீர் முருகன் தலையில் விழ வேண்டியது. வழியில் சிந்தக் கூடாது.

வாய்க்காலில் இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இல்லை. சிமென்ட் பூசிய சரிவில் பாசி பிடித்திருக்கும். இறங்குவது சுலபம், ஏறக் கைக்கு எதுவும் அகப்படாது. மதகுக்குப் பக்கத்தில் மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீர் அடியில் இழுக்கும். ஊர்க்காரர்கள் குளிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு படியும் தெரியும்.

குடிக்கவும் கூடாது. ஈரோட்டைச் சுற்றியுள்ள தோல், சாயப் பட்டறைகளின் கழிவு இந்த வாய்க்காலை நெடுங்காலம் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. கழிவைத் தனியே பிரித்துக் கொண்டுபோகப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் என்று ஒன்று கட்டவேண்டி வந்தது. எழுநூறு வருஷத்துக்கு மேல் ஓடிய தண்ணீரை நம் காலத்தில் கையால் அள்ளிக் குடிக்க முடியாமல் ஆக்கிவிட்டோமே என்று ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது. குறைந்தபட்சம் நம் குழுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளர்கூட அதில் விழக்கூடாது. எவர்சில்வர் டம்ளர் கொண்டுவாருங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்?

நடைக்கு முன்னால் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் கம்பங்கூழோ காபியோ. முடித்த பிறகு இட்லி. மத்தியானம் சாதம், ரசம், மோர். வயிறு முட்டச் சாப்பிட்டால் சாயங்கால நடை போச்சு.

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். உப்புப் போட்ட மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை ஜூஸ் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது.

அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. கூட்டிவரலாமா?

அவரைப் பார்க்கிற டாக்டர் சரி என்றால் தாராளமாக. இவ்வளவு தூரம் நடக்கப்போகிறோம், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு, எழுதி வாங்கி வாருங்கள். நடக்கும்போது சர்க்கரை இறங்கும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே உட்காரவைத்து குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். அது அவருடைய மடியிலேயே இருக்க வேண்டும், பின்னால் வரும் வேனில் அல்ல. ஒவ்வொரு நடைக்கும் அப்புறம் வேறொருவர் அவருடைய பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலில் முள் ஏறியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. நெஞ்சில் பாரம், இடக்கையில் வலி, இயல்பில்லாத மூச்சிரைப்பு என்றால் யாரும் நடையைத் தொடர வேண்டாம். வேன் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

பெண்களுக்கு வசதி எப்படி?

கரையில் கழிப்பறை கிடையாது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வழியில் தெரிந்த இரண்டு தோட்டத்து வீடுகளில் சொல்லிவைத்திருக்கிறோம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவதொரு வீடு வரும்படி நடையைப் பிரித்திருக்கிறோம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் பெண்களுக்கு வருகிற முதல் கெடுதி. தயவுசெய்து குடியுங்கள்.

மாதவிலக்கு நாளாக இருந்தால் வரலாமா என்றும் கேட்கிறார்கள். பயிற்சி நடைக்கு வரலாம். யாத்திரையில் என்ன செய்வது என்பதை அவரவர் வீட்டு வழக்கத்துக்கும் மனசுக்கும் விட்டுவிட்டோம். குழுவில் யாரும் கேட்க மாட்டார்கள்.

குழந்தைகள்?

பன்னிரண்டு வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பொறுப்பில். தண்ணீர்ப் பக்கம் எப்போதும் பெரியவர்தான் நடக்க வேண்டும்.

இரவு நடை ஏன்?

பங்குனி வெயிலில் பழநிப் பாதையின் பெரும்பகுதியை இரவில்தான் கடக்க முடியும். தூக்கம் கண்ணைக் கட்டும்போது கால் எப்படித் தடுமாறுகிறது என்று வாகனம் இல்லாத இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது. ஆளுக்கொரு டார்ச், பாதத்துக்கு இரண்டடி முன்னால் அடிக்க வேண்டும். கரையோரப் புல்லில் கால் வைக்காதீர்கள். பாம்புக்கு அதுதான் இடம். கையில் ஒரு கோல் இருந்தால் தட்டிக்கொண்டே போகலாம், நாய்க்கும் ஆகும். ரோட்டுக்கு ஏறும் இடங்களில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசை. முதுகில் ஒளி தெறிக்கும் பட்டை நாங்கள் தருகிறோம்.

அந்த நேரத்தில் யாராவது பாட ஆரம்பித்தால் நடை தானாக ஒழுங்குக்கு வரும். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊர் கொடுமுடி. அங்கே பாடத் தெரியாது என்று யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்து யாத்திரை வரைக்கும் வீட்டில் என்ன செய்வது?

அடுத்த இரண்டு நாள் ஓய்வு. அப்புறம் வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு நீண்ட நடை. யாத்திரைக்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கடைசி வாரம் அதிகம் நடந்து பலம் சேர்க்க முடியாது, களைப்பைத்தான் சேர்க்கலாம். எந்தச் செருப்பில் பயிற்சி நடந்தீர்களோ அதையே போட்டுக்கொண்டு வாருங்கள். உங்களோடு கடைசி வரிசையில் நடந்தவரின் போன் நம்பரை வாங்கி வைத்திருப்பீர்கள்; வாரம் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.